ஒரு செஸ்ட் லோகோவுக்குள்ள 38,400 தையல் எப்படி வந்து உக்காந்துச்சு

கேஸ் இதுதான். திருப்பூர்ல ஒரு சின்ன ஜாப் ஒர்க் எம்பிராய்டரி யூனிட், பேரு வேண்டாம். ஒரு கபடி டீமுக்கு டி-ஷர்ட் ஆர்டர், 200 பீஸ், இடது நெஞ்சுல வட்டமா ஒரு லோகோ, 3 இன்ச், அதாவது 76 எம்எம். துணி 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, அதாவது டி-ஷர்ட்டுக்கு போடுற நிட் (பின்னல்) துணி, நேவி ப்ளூ. இதுல என்ன பெரிய சிக்கல் வந்துடப்போவுதுன்னு தான் யாருக்கும் தோணும், இந்த மாதிரி லோகோ அவங்க தினமும் ஓட்டுறது தான். ஆனா 12 ஹெட் மிஷின்ல, அதாவது ஒரே நேரத்துல 12 பீஸ் தைக்கிற மிஷின்ல, ஏத்துன முதல் பிரேம்லயே பாதி ஹெட்டு மாத்தி மாத்தி நூல் கட்டாகி நிக்குது, ஓடி முடிஞ்ச பேனல்ல லோகோவோட ஓரத்துல துணி ஓட்டை விட்டுப்போச்சு, நடுவுல விரலால மடக்கக்கூட முடியாத அளவுக்கு கெட்டி. கீழ இருந்த ஊர் பேரு வரி சுத்தமா படிக்கவே முடியல, வெள்ளை நூல் கட்டி கட்டியா நிக்குது.

நல்ல வேளை, கட் பேனல்லயே எம்பிராய்டரி போடுற ஆர்டர். தைச்சு முடிச்ச டி-ஷர்ட்ல போட்டிருந்தா முழு பீஸும் போயிருக்கும், இதுல முன்பக்க பேனல் மட்டும் திரும்ப வெட்டுனா போதும்.

என்னைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி அவங்க என்னென்ன பண்ணி பாத்தாங்கன்னு சூப்பர்வைசர் தம்பி சொன்னாப்ல, அதை வரிசையா எழுதுறேன், ஏன்னா முக்கால்வாசி யூனிட்ல இதே வரிசைல தான் போவாங்க. முதல்ல ஊசியை மாத்துனாங்க, ஷார்ப் பாயிண்ட் எடுத்துட்டு பால் பாயிண்ட் 75/11 போட்டாங்க. நிட் துணிக்கு அது சரி தான், எப்பவுமே அது தான் போடணும், பால் பாயிண்ட் ஊசி நூலிழையை அறுக்காம ஒதுக்கிட்டு இறங்கும். ஓட்டை கொஞ்சம் குறைஞ்சுச்சு, போகல. அடுத்தது ஸ்பீடு, நிமிஷத்துக்கு 850 தையல்ல ஓடிட்டு இருந்ததை 600க்கு இறக்குனாங்க, நூல் கட்டாகுறது குறைஞ்சுச்சு ஆனா லோகோ அதே கெட்டி தான். அப்புறம் நூலோட இழுவையை, அதாவது டென்ஷனை தளர்த்துனாங்க, இப்போ மேல் நூல் தொளதொளன்னு லூப் விட ஆரம்பிச்சுது. கடைசியா அடியில பேக்கிங் பேப்பரை ரெண்டு லேயர் ஆக்குனாங்க, சுருக்கம் போச்சு, ஆனா லோகோ இன்னும் விறைப்பா ஆயிடுச்சு. நாலுமே மிஷின் பக்கம் பண்ற வேலை. ஃபைலை யாரும் திறந்து பாக்கல. "டிசைன் கம்ப்யூட்டர்ல நல்லா தாங்ணா தெரியுது"ன்னு தான் சொன்னாப்ல, அது உண்மையும் கூட, ஸ்கிரீன்ல அழகா தான் இருக்கும், ஸ்கிரீன்ல ஊசி இறங்குறதில்லையே.

ஃபைல் சைஸ்லயே பதில் இருந்துச்சு

பென் டிரைவ்ல ரெண்டு டிஎஸ்டி ஃபைல் இருந்துச்சு. ஒண்ணு பஞ்சிங் பண்ணிக் குடுத்தவரு, அதாவது படத்தை மிஷின் படிக்கிற தையல் ஃபைலா மாத்திக் குடுக்குறவரு அனுப்புனது, இன்னொண்ணு யூனிட்ல "சைஸ் பண்ணது". முதல் ஃபைல் 238 எம்எம் அகலம், ரெண்டாவது 76 எம்எம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சைஸ் பாத்தா ரெண்டுமே 113 கேபி. அங்கயே விஷயம் பாதி புரிஞ்சுபோச்சு.

டிஎஸ்டிங்கறது டஜிமா மிஷினுக்காக வந்த ஃபார்மட், இப்போ சைனா மிஷின் உட்பட எல்லாமே படிக்கும். அதோட அமைப்பு ரொம்ப எளிமை, முதல் 512 பைட் தலைப்பு, அதுக்கப்புறம் ஒவ்வொரு தையலுக்கும் 3 பைட். அவ்வளவு தான். அதுனால ஃபைல் சைஸ்ல 512 கழிச்சு 3ஆல வகுத்தா தையல் எண்ணிக்கை கிட்டத்தட்ட வந்துடும், 113 கேபின்னா 38,400. தலைப்பை நோட்பேட்ல திறந்தாலே படிக்கலாம், எஸ்டின்னு போட்டு தையல் எண்ணிக்கையும், பிளஸ் எக்ஸ் மைனஸ் எக்ஸ்னு போட்டு நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் எவ்வளவு தூரம்னும் இருக்கும், அந்த தூரம் 0.1 எம்எம் கணக்குல இருக்கும். பெரிய ஃபைல்ல 1190, சின்னதுல 381. எஸ்டிக்கு நேரா ரெண்டுலயும் 38400. அதாவது பெரிய லோகோவுல இருந்த ஒரு தையல்கூட குறையாம அப்படியே சின்ன இடத்துக்குள்ள வந்து உக்காந்துருக்கு.

தம்பி கேட்டது நியாயமான கேள்வி தான், "சின்னதா பண்ணுனா தையலும் தானா குறையாதுங்களாண்ணா?" குறையாது. டிஎஸ்டிக்கு இது வட்டம், இது எழுத்து, இது ஃபில்லு (வரிசை வரிசையா தைச்சு இடத்தை நிரப்புறது)ன்னு எதுவும் தெரியாது. இங்க இருந்து இவ்வளவு வலது இவ்வளவு மேல போய் குத்து, அடுத்து இவ்வளவு போய் குத்து, இது மட்டும் தான் அதுல இருக்கு, நூல் கலர்கூட கிடையாது, கலர் மாத்துன்னு ஒரு குறிப்பு தான். சாதா எடிட்டர்ல திறந்து மூலையைப் பிடிச்சு இழுத்தா ஒவ்வொரு தாவலோட நீளத்தையும் 0.32ஆல (76ஐ 238ஆல வகுத்தா வர்றது) பெருக்கிடும், குத்து எண்ணிக்கை மாறாது. எழுத்து ஃபில்லு எல்லாம் தனித்தனி பொருளா நிக்கிறது இஎம்பி மாதிரி சாஃப்ட்வேரோட சொந்த ஃபைல்ல தான், அதுல சைஸ் மாத்துனா தான் தையலை திரும்ப கணக்கு போடும். பஞ்சிங் காரங்க பெரும்பாலும் இஎம்பி குடுக்க மாட்டாங்க, அது அவங்க பொழப்பு, அதுல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல. டிஎஸ்டி மட்டும் தான் வரும்.

0.32 என்ன பண்ணுது

இந்த இடத்தை நிதானமா பாக்கணும், எல்லா கோளாறும் இந்த ஒரு நம்பர்ல இருந்து தான் வருது.

40 நம்பர் எம்பிராய்டரி நூலை துணி மேல படுக்க வெச்சா கிட்டத்தட்ட 0.4 எம்எம் அகலம் மூடும். அதுக்காகத் தான் தையல் வரிசைக்கு நடுவுல இடைவெளி 0.4 எம்எம்னு எல்லாரும் வெக்கிறது, நூலுக்குப் பக்கத்துல நூல் ஒட்டி உக்காந்து துணி தெரியாம மூடும். அதை 0.32ஆல பெருக்குனா 0.128 எம்எம். ஒரு நூல் உக்கார வேண்டிய இடத்துல மூணு நூல். அது பக்கவாட்டுல போக இடம் இல்லாம ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது, கெட்டி அங்க இருந்து தான் வருது.

நூல் மூணு மடங்குன்னா குத்தும் மூணு மடங்குன்னு நினைச்சுடாதீங்க. வரிசை இடைவெளியும் மூணுல ஒண்ணு ஆகுது, வரிசைக்குள்ள தையல் நீளமும் மூணுல ஒண்ணு ஆகுது. 4 எம்எம் தையல் 1.3 எம்எம் ஆயிடுச்சு. அப்போ ஒரு சதுர சென்டிமீட்டர்ல விழுற ஊசிக் குத்து கிட்டத்தட்ட 10 மடங்கு. 75/11 ஊசியோட தடிமன் 0.75 எம்எம். 0.75 எம்எம் தடிமன் உள்ள ஊசி 0.13 எம்எம் தள்ளித் தள்ளி ஒரே கோட்டுல இறங்குனா என்ன ஆகும், தபால்தலை ஓரம் கிழியற மாதிரி துணி அந்தக் கோட்டுல கழண்டு வரும். ஜெர்சி துணியில ஒரு கண்ணி அறுந்தா அது ஓடவும் செய்யும். அதான் ஓரத்துல ஓட்டை. பால் பாயிண்ட் போட்டா கொஞ்சம் குறையும், ஏன்னா ஒதுக்கும், ஆனா ஒதுங்குறதுக்கு பக்கத்துல இடம் இருந்தா தானே.

நூல் கட்டானதுக்குக் காரணம் இதே தான், ஆனா வழி வேற. ஒவ்வொரு கலர் தொடங்குற இடத்துலயும் முடியுற இடத்துலயும் நூல் பிரியாம இருக்க குட்டி குட்டியா லாக் தையல் வெப்பாங்க, 0.8 எம்எம் வாக்குல. அது 0.25 எம்எம் ஆயிடுச்சு, அதாவது நூலோட தடிமனை விட சின்ன தையல். ஊசி போன ஓட்டையிலயே திரும்ப திரும்ப இறங்குது, ஏற்கனவே உக்காந்த நூலையே குத்திப் பிளக்குது, அடியில பாபின் பக்கம் கூடு கட்டுது. மிஷின்ல நூல் கட் சென்சார் அடிச்சு நின்ன இடத்தை எல்லாம் குறிச்சு வெச்சிருந்தாங்க, அதைப் பாத்தா பெரும்பாலும் கலர் மாறி முதல் சில தையல்லயே. அந்தக் குறிப்பு எழுதி வெச்ச ஆபரேட்டர் அக்காவுக்கு ஒரு கும்பிடு, பல யூனிட்ல அதைக்கூட எழுத மாட்டாங்க.

இன்னொரு சின்ன விஷயம் இருக்கு, பலர் கவனிக்கிறதில்ல. டிஎஸ்டில தூரம் 0.1 எம்எம் கட்டத்துல தான் பதியும், 0.128ன்னு ஒண்ணு அதுல எழுதவே முடியாது, ஒரு இடத்துல 0.1 ஆகும் ஒரு இடத்துல 0.2 ஆகும். அதனால ஃபில்லு மேல மெல்லிசா கோடு கோடா வரி தெரிஞ்சுது. இதை டென்ஷன் கோளாறுன்னு நினைச்சு தான் அவங்க டென்ஷனை தளர்த்துனது.

புல் காம்பன்சேஷன் கதையும் இதே தான். தையல் இழுக்குற பக்கம் துணி சுருங்கும்னு தெரிஞ்சு பஞ்சிங்ல 0.3 எம்எம் கூடுதலா வெச்சிருப்பாங்க. அது 0.1 ஆயிடுச்சு. ஆனா துணி சுருங்குறது லோகோ சின்னதுங்கறதுக்காக குறையாது, துணிக்கு லோகோ சைஸ் தெரியாது. அதனால லோகோ நடுவுல இருக்குற கபடி ஆளோட உருவத்துக்கும் அதைச் சுத்தி வர்ற அவுட்லைனுக்கும் நடுவுல நேவி ப்ளூ பல்லிளிக்குது.

சரி, 238 எங்க இருந்து வந்துச்சு

யூனிட்டுக்கு வந்த ஆர்டர் ஷீட்ல தெளிவா 3 இன்ச்னு இருக்கு. அப்போ பஞ்சிங் காரரு ஏன் 238 எம்எம்ல பஞ்ச் பண்ணாரு? பேசிப் பாத்தப்போ அவருக்கு சைஸே யாரும் சொல்லல, வாட்ஸ்அப்ல படம் மட்டும் போயிருக்கு, "அண்ணா அர்ஜெண்ட்"னு ஒரு மெசேஜ். படத்தை சாஃப்ட்வேர்ல போட்டாரு, அது என்ன சைஸ்ல வந்துச்சோ அதுலயே பஞ்ச் பண்ணிட்டாரு. ஜாக்கெட் முதுகுக்குன்னு நினைச்சிருக்காரு, 238ன்னா அது நம்பற மாதிரி சைஸ் தான், அதனால அவரை மட்டும் குத்தம் சொல்றது சரியில்ல.

படம் 900 பிக்சல் அகலம். டீமுக்கு லோகோ வரைஞ்சு குடுத்த பையன் அதை 300 டிபிஐல வெச்சிருக்கான், 900ஐ 300ஆல வகுத்தா 3 இன்ச், 76.2 எம்எம், கரெக்டா கேட்ட சைஸ். வாட்ஸ்அப்ல ஃபோட்டோவா போனதுல படம் ஜேபெக்கா அமுங்கி வந்திருக்கு, பஞ்சிங் சாஃப்ட்வேர் அதை 96 டிபிஐன்னு எடுத்துக்கிச்சு. 900ஐ 96ஆல வகுத்தா 9.375 இன்ச், 238 எம்எம். 72 டிபிஐன்னு எடுத்துக்குற சாஃப்ட்வேரா இருந்திருந்தா 317 எம்எம் வந்திருக்கும். படம் ஒண்ணு தான், பிக்சல் ஒண்ணு தான். டிபிஐங்கறது படத்து மேல ஒட்டுன லேபிள், ஒரு இன்ச்சுக்குள்ள எத்தனை பிக்சல் அடுக்கணும்னு சொல்ற குறிப்பு, அவ்வளவு தான், அது மாறுனா எம்எம் மாறும், படத்துல இருக்குற விவரம் மாறாது.

இங்க இன்னொரு பள்ளம் இருக்கு, நல்லா தெரிஞ்சவங்களே விழுவாங்க. படம் 238ல வருதுன்னு பாத்ததும் பெயிண்ட்ல திறந்து ரீசைஸ் அடிச்சு சின்னதாக்குறது. 96 டிபிஐல 76 எம்எம் வரணும்னா 288 பிக்சலுக்கு இறக்கணும், 900 பிக்சல்ல இருந்த விவரத்துல பத்துல ஒரு பங்கு தான் மிஞ்சும், எழுத்தோட சுழியெல்லாம் கரைஞ்சுடும். அப்புறம் ஜூம் பண்ணி பஞ்ச் பண்ண உக்காந்தா எது ஓரம் எது நிழல்னே தெரியாது. பிக்சலைத் தொடாதீங்க, லேபிளை மாத்துங்க, இல்லன்னா படத்தை அப்படியே சாஃப்ட்வேருக்குள்ள இறக்கி அங்க அகலம் 76ன்னு டைப் பண்ணுங்க. இங்க்ஸ்கேப்ங்கற படம் வரையுற சாஃப்ட்வேர்ல இங்க்ஸ்டிச்ங்கற எம்பிராய்டரி இணைப்பைப் போட்டு பண்றவங்களுக்கு, படம் இம்போர்ட் பண்ணும்போதே டிபிஐயை ஃபைல்ல இருந்து எடுக்கவா இல்ல அதோட வழக்கமான அளவை வெக்கவான்னு கேக்கும், இங்க்ஸ்கேப் தானா எடுத்துக்குறது 96. அந்தப் பெட்டியைப் படிக்காம ஓகே அடிச்சா இதே 238 தான் வரும்.

படத்தை வாட்ஸ்அப்ல வாங்குறதா இருந்தா டாகுமெண்ட்டா அனுப்ப சொல்லுங்க, அப்போ ஒரிஜினல் ஃபைல் அப்படியே வரும். ஃபோட்டோவா வந்தா அமுக்கி தான் வரும். ஜேபெக் அமுக்குன படத்துல நீலமும் வெள்ளையும் சேர்ற ஓரத்துல நடுவுல பல சாம்பல் நீலம் வந்துடும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஆட்டோ பஞ்சிங் போட்டா அது ஒவ்வொண்ணும் ஒரு கலர்னு எடுத்துக்கிட்டு ஓரம் முழுக்க அரை எம்எம் துண்டு துண்டா ஃபில்லு போட்டு வெக்கும். ஆட்டோ போடுறவங்க முதல்ல கலரை நாலோ அஞ்சோன்னு குறைச்சுட்டு அப்புறம் போடணும். நான் ஆட்டோ போடுறதில்ல, இந்த மாதிரி லோகோவுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்துதுன்னு சொல்றவங்க கிளீன் பண்ற நேரத்தைக் கணக்குல சேக்குறதில்ல.

திரும்ப பஞ்ச் பண்ணது

சுருக்குன டிஎஸ்டியை ரிப்பேர் பண்ண ஓனர் கேட்டாரு, டென்சிட்டி, அதாவது தையலோட நெருக்கம், அதை மட்டும் குறைச்சா போதாதான்னு. சில சாஃப்ட்வேர் டிஎஸ்டியை படிச்சு இது சாட்டின் (ஒரு ஓரத்துல இருந்து அடுத்த ஓரத்துக்கு ஒரே வீச்சா போற தையல்) இது ஃபில்லுன்னு ஊகிச்சு பொருளா மாத்தித் தரும், அதுல தையலைக் குறைக்கவும் முடியும். 10, 20 சதவீதம் மாத்துறதுக்கு அது ஓகே, சொல்லப்போனா அந்த அளவுக்கு டிஎஸ்டியையே இழுத்தாலும் தாங்கும், 80 சதவீதம் பண்ணா 0.4 இடைவெளி 0.32 ஆகும், 120 பண்ணா 0.48, ரெண்டும் கொஞ்சம் கெட்டி கொஞ்சம் லேசுன்னு தள்ளிடலாம். 32 சதவீதத்துக்கு இறக்குறதுல டென்சிட்டி பிரச்சனை ஒரு பகுதி மட்டும் தான். 238ல எடுத்த முடிவு பல 76ல தப்பாயிடுது.

வட்டத்தோட பார்டரை எடுத்துக்கோங்க. 238 எம்எம்ல அதோட அகலம் 10 எம்எம். அந்த அகலத்துல சாட்டின் போட்டா நூல் 10 எம்எம் நீளத்துக்கு எங்கயும் பிடிக்காம துணி மேல கிடக்கும், நகத்துல மாட்டும், துவைக்கும்போது இழுத்துடும், அதனால அவரு அதை டாட்டமி ஃபில்லா, அதாவது குட்டி தையலா உடைச்சு வரிசை வரிசையா போட்டிருந்தாரு, ரொம்ப சரி. 76ல அதே பார்டர் 3.2 எம்எம். 3 எம்எம் பார்டருக்கு சாட்டின் மாதிரி அழகு எதுவுமே கிடையாது, நூல் பளபளன்னு ஒரே வீச்சுல படுக்கும், தையலும் கம்மி. சுருக்குன ஃபைல்ல அந்த 3.2 எம்எம்குள்ள டாட்டமி வரிசை திணறிக்கிட்டு இருந்துச்சு. எவ்வளவு நல்ல சாஃப்ட்வேரா இருந்தாலும் இந்த மாத்தத்தை ஆள் தான் பண்ணணும்.

அடியில அண்டர்லே, அதாவது மேல் தையலுக்கு முன்னாடி துணியைப் பிடிச்சு வெக்க போடுற தையல், பெரிய சைஸ்ல ரெண்டு அடுக்கு இருந்துச்சு, முதுகுக்குன்னா அது வேணும். சின்னதுல எழுத்துக்கு நடுவுல ஒரே ஒரு ரன்னிங் கோடு, பார்டருக்கு ஓரத்துல இருந்து உள்ள தள்ளி ஒரு எட்ஜ் ரன், உருவத்துக்கு மட்டும் லேசா டாட்டமி அண்டர்லே, அதுவும் மேல வர்ற ஃபில்லுக்கு குறுக்கா. ஃபில்லு இடைவெளி 0.42, தையல் நீளம் 3 எம்எம், புல் காம்பன்சேஷன் திரும்ப 0.3. உருவம் ரைடர் கையை நீட்டி பாயுற போஸ், பெரிய படத்துல அஞ்சு விரலும் தனித்தனியா இருந்துச்சு, 76ல விரலுக்கு நடுவுல இடைவெளி அரை எம்எம்கூட வரல, மூணு விரலா சேத்துட்டேன், இன்னிக்கு வரைக்கும் யாரும் எண்ணிப் பாக்கல. அந்த உருவம் போட்டிருந்த டிராயர்ல இருந்த நிழல் கலரை தூக்கிட்டேன், ஒரு கலர் சேஞ்ச் மிச்சம்.

தையல் போடுற வரிசை நடுவுல இருந்து வெளிய. முதல்ல உருவம், அப்புறம் எழுத்து, பார்டர் கடைசி. நிட்ல பார்டரை முதல்ல போட்டா உள்ள தள்ளுற துணி எல்லாம் பார்டருக்குள்ள மாட்டி உப்பிக்கும்.

எழுத்துக்குத் தான் நேரம் போச்சு. மேல வளைவா டீம் பேரு, பெருசுல 22 எம்எம் உயரம், சின்னதுல 7 எம்எம். இங்கிலீஷ் கேப்பிடல் எழுத்துன்னா 5 எம்எம்லயே தெளிவா வந்துடும், நேர் கோடு தான அது பாதி. தமிழ் அப்படி இல்ல. பேர்ல ழகரமும் இருக்கு ணகரமும் இருக்கு, ணகரத்துல சுழிச்சு சுழிச்சு வர்ற மடிப்புக்கு நடுவுல துணி தெரிஞ்சா தான் அது எழுத்து, இல்லன்னா திட்டு. சுழிக்குள்ள இருக்குற வெற்றிடம் 0.8 எம்எம்க்கு கீழ போனா ரெண்டு பக்க நூலும் சேர்ந்து மூடிடும். என் அனுபவத்துல தமிழ் எழுத்துக்கு 40 நம்பர் நூல்ல 7 எம்எம் தான் கீழ் எல்லை, அதுக்கும் ஃபாண்ட்டை அப்படியே எடுக்கக்கூடாது, சுழியைக் கொஞ்சம் பெருசாக்கி கோட்டு அகலத்தை 1 எம்எம் கிட்ட வெச்சு கையால தான் பஞ்ச் பண்ணணும். கோடு கோட்டை வெட்டுற இடத்துல ரெண்டு சாட்டின் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுனா அங்க ஒரு முடிச்சு மாதிரி தூக்கும், அந்த இடத்துல ஒண்ணை நிறுத்தி இன்னொண்ணை விடணும். புள்ளி தனி தலைவலி. படத்துல இருக்குற அளவுக்கே வெச்சா 0.6 எம்எம், ஊசியை விட சின்னது, குத்துனா புள்ளி வராது ஓட்டை தான் வரும். 1.1 எம்எம்க்கு ஏத்தி, எழுத்துல இருந்து கொஞ்சம் மேல தள்ளி, நாலஞ்சு தையல்ல ஒரு குட்டி சாட்டினா போட்டேன். புள்ளி போச்சுன்னா பேரே மாறிடும், அதனால இது சமரசம் பண்ற இடம் இல்ல.

கீழ் வரி தான் தகராறு. ஊர் பேரு, மாவட்டத்து பேரு ரெண்டும் ஒரே வரில, பெருசுல 10 எம்எம் இருந்தது 76ல 3.2 எம்எம். கோட்டு அகலம் 0.5 எம்எம். 60 நம்பர் மெல்லிய நூலும் 65/9 ஊசியும் போட்டா இங்கிலீஷ்ல 4 எம்எம் வரைக்கும் ஒப்பேத்தலாம், தமிழ்ல 3.2 நடக்காது, நான் பண்ண மாட்டேன்னு சொல்லிட்டேன். டீம் கேப்டன் ஃபோன்ல, "மாவட்டம் இல்லாம எப்படிங்ணா, வெளியூர் மேட்ச்சுக்கு போட்டுட்டு போறது"ன்னு பிடிவாதம். அவரு சொல்றதும் சரி தான். கடைசியா ஊர் பேரை மட்டும் 7 எம்எம்க்கு ஏத்தி கீழ வளைவுல வெச்சு, மாவட்டத்தை முதுகுல பிளேயர் நம்பர் போடுற ஸ்கிரீன் பிரிண்ட்லயே சேத்தாச்சு. எப்படியும் பிரிண்டிங் போவுது, அங்க ஒரு வரி சேக்குறது பெரிய செலவு இல்ல, தூரத்துல இருந்தும் தெரியும்.

ரிசல்ட்

புது ஃபைல் 7,100 தையல், 21 கேபி. 700 ஸ்பீடுல ஓட்டுனா தையல் நேரம் 10 நிமிஷம் சொச்சம். பழைய 38,400 அதே ஸ்பீடுல 55 நிமிஷம். 12 ஹெட்டுல 200 பீஸுக்கு 17 லோடு, பழைய ஃபைல் ஒழுங்கா ஓடியிருந்தாலே பதினஞ்சரை மணி நேரம், இப்போ மூணு மணி நேரத்துக்குள்ள, பிரேம் மாட்டுற நேரம் தனி. ஆயிரம் தையலுக்கு இவ்வளவுன்னு தான் இந்த தொழில்ல ரேட்டு பேசுறது, 7,000 வாக்குல தையல்னு கொட்டேஷன் குடுத்துட்டு 38,400 ஓட்டிக்கிட்டு இருந்திருக்காங்க, துணி கிழியாம இருந்திருந்தா அந்த நஷ்டம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். எனக்கு அது தான் ஓட்டையை விட பெரிய விஷயமா பட்டுச்சு.

38,400 எப்படி 7,100 ஆச்சுன்னு ஓனர் நம்பல, நூல் திருடுறேனோன்னு ஒரு பார்வை. கணக்கு இப்படி. ஃபில்லு தையல் பரப்பைப் பொறுத்தது, அகலமும் உயரமும் மூணுல ஒண்ணானா ஃபில்லு ஒன்பதுல ஒண்ணு கிட்ட வந்துடும். சாட்டின் அப்படி இல்ல, அது கோட்டோட நீளத்தைப் பொறுத்தது, அகலம் எவ்வளவா இருந்தாலும் ஒரு வீச்சுக்கு ஒரு குத்து தான், அதனால அது மூணுல ஒண்ணு தான் ஆகும். ரன்னிங் தையலும் அதே மாதிரி. பழைய ஃபைல்ல முக்கால்வாசி ஃபில்லு, அதான் அவ்வளவு இறங்குச்சு. முழுக்க சாட்டின் எழுத்தா இருக்குற லோகோவா இருந்தா இவ்வளவு இறங்கியிருக்காது, அதனால "சைஸ் பாதி, அப்போ தையலும் பாதி"ன்னு கண்ணை மூடிட்டு கொட்டேஷன் போடாதீங்க, டிசைன்ல எது அதிகம்னு பாத்துட்டு போடுங்க.

பேக்கிங் ஒரு லேயர் கட் அவே (தைச்சப்புறம் மிச்சத்தை கத்தரியால வெட்டி விடுற வகை) போதுமா இருந்துச்சு, ஊசி பால் பாயிண்ட் 75/11 அப்படியே விட்டாச்சு, டென்ஷனை பழைய இடத்துக்கே ஏத்தியாச்சு. லோகோ இப்போ துணியோட சேர்ந்து மடங்குது.

வீட்டுல மிஷின் வெச்சு பிளவுஸ் டிசைன் போடுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. நெட்ல வாங்குன டிசைன் 130க்கு 180 எம்எம் பிரேமுக்குன்னு இருக்கும், உங்க கிட்ட 100க்கு 100 தான் இருக்கும், உயரம் 180ஐ 100க்கு சுருக்குனா 55 சதவீதம், 0.4 இடைவெளி 0.22 ஆயிடும். சில வீட்டு மிஷின் தன் பேனல்ல ஒரு அளவுக்கு மேல சுருக்க விடாது, நல்லதுக்குத் தான், அதை ஏமாத்தி கம்ப்யூட்டர்ல சுருக்கி ஏத்தாதீங்க. முக்கியமா ஜரி நூல் போடுறீங்கன்னா, அதுக்கு சாதா நூலை விட இடைவெளி கூடவே வேணும், நெருக்கிப் போட்டா உரிஞ்சு உரிஞ்சு அறும். அந்த டிசைனையே சின்ன சைஸ்ல தனியா விக்கிறாங்களான்னு பாத்து வாங்குங்க, பெரும்பாலும் ரெண்டு மூணு சைஸ்ல தனித்தனியா பஞ்ச் பண்ணி தான் விப்பாங்க.

பெருசாக்குறது இதுக்கு நேர் எதிர். 76 எம்எம் ஃபைலை 238க்கு இழுத்தா இடைவெளி 1.3 எம்எம் ஆகி துணி பளிச்சுன்னு தெரியும், 3.2 எம்எம் சாட்டின் பார்டர் திரும்ப 10 எம்எம்க்கு போய் மாட்டும். டிஎஸ்டில ஒரு தாவல் 12.1 எம்எம்க்கு மேல எழுதவே முடியாது, அதைத் தாண்டுனா நடுவுல குத்தாம தாண்டுற ஜம்ப்பா உடைச்சுக்கும், நூல் மேல தொங்கும்.

இந்த ஆர்டர்ல டி-ஷர்ட் போனதும் அதே டீமுக்கு கேப் வேணும்னு வந்தாங்க. கேப் முன்பக்கம் உயரம் 55 எம்எம்க்கு மேல போனா வளைவுல பிரேம் இடிக்கும், அதனால லோகோ 55. என் கிட்ட பொருளா இருக்குற ஒரிஜினல் ஃபைல் இருக்கு, 72 சதவீதம், ஃபில்லும் பார்டரும் தானா கணக்கு போட்டுக்கிச்சு, தொல்லை இல்ல. டீம் பேரு தான் 5 எம்எம்க்கு இறங்கிடுச்சு. அதை வட்டத்துல இருந்து எடுத்து கேப்போட பின்பக்கம் ஸ்ட்ராப்புக்கு மேல நேர் வரியா 8 எம்எம்ல வெக்கலாம்னு சொல்லியிருக்கேன், கேப்டன் டீம்ல கேட்டுட்டு சொல்றேன்னுட்டு போயிருக்காரு.